தனித்து நிற்கும் நியூட்ரான் நட்சத்திரங்கள்

சென்ற ஆவணி மாதத்தின் முதல் வாரத்தில், ஞாயிற்றுக்கிழமையையும் அதனை ஒட்டி வந்த விடுமுறையையும் கருதித் திருவேங்கடம் சென்றிருந்தோம். ஊருக்குத் தெற்கே கரிசற்காட்டின் வரப்பொன்றில், இரவு ஒன்பது மணிக்குமேல் வானத்தை நோக்கி நின்றோம். தென்மேற்கே, குற்றாலத்து மலைமுகடுகள் இருக்கும் திசையில், சாரல் மேகம் கருத்துத் திரண்டிருந்தது. ஆயினும் அம்மேகம் மலையடிவாரத்துக்கு மழையை ஈந்துவிட்டுக் கரிசல் நிலத்துக்குக் காற்றை மட்டுமே அனுப்புவது வழக்கமாதலின், எமக்கு நேர் தெற்கே வானம் தெளிந்திருந்தது.

விருச்சிகம் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அனுஷம், கேட்டை, மூலம் ஆகிய மூன்று நாள்மீன்களையும் நம் நாட்டார் பலர் விரல் சுட்டிக் காட்டுவர். மூலத்தின் கடைசியில், தேளின் கொடுக்கு வளைந்து நிற்குமிடத்தில், பிரகாசமான மீனொன்று உண்டு. கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்து, அம்மீனிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை முட்டி தூரம் அளந்தால், அதே உயரத்தில், அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் ஏறத்தாழ நடுவே ஓர் இடம் வரும். அவ்விடத்தையே யாம் காட்டிக்கொண்டிருந்தோம்.

அவ்வழியே தோட்டக் காவலுக்குச் சென்ற முதியவர் ஒருவர் நின்று, எம் கை காட்டிய திசையை நெடுநேரம் பார்த்தார். "அந்த எடத்துல ஒண்ணுமே இல்லையே, தம்பி," என்றார்.

"இருக்கிறது, பாட்டையா. நம் கண்ணுக்குத்தான் தெரியாது," என்றோம்.

"கண்ணுக்குத் தெரியாததை எவன் போய்ப் பார்த்தான்?" என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமலே நடந்துவிட்டார். அன்றிரவு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையையே நம் கலாசாலைச் சஞ்சிகையின் அன்பர்க்கு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் சுட்டிய இடத்திலுள்ள பொருளுக்கு வான நூலார் இட்ட பெயர் ஆர்.எக்ஸ். ஜே 1856.5-3754 என்பதாம். இது பெயரன்று, நிலத்துக்குச் சர்வே எண் இடுவதுபோல வானத்தில் அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் எண்ணே. முற்பாதி கிழக்கு மேற்கு அளவையும், பிற்பாதி தெற்கே எத்தனை பாகை என்பதையும் கூறும். அஃது ஒரு நியூட்ரான் நட்சத்திரம். நம்மிடமிருந்து ஏறத்தாழ 400 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதன் மேற்பரப்பின் உஷ்ணம் ஏறக்குறைய ஏழு லட்சம் டிகிரி. இத்தனை உஷ்ணமிருந்தும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் அது மிக மிக மங்கலானது. கூர்மையான கண்ணால் காணக்கூடிய கடைசி மீனைக் காட்டிலும் ஆறேழு கோடி மடங்கு மங்கியது என்க. அதற்குக் காரணம் அதன் சிறுமையேயாம்.

நியூட்ரான் நட்சத்திரம் என்பது யாது? சூரியனைவிடப் பன்மடங்கு பெரிய நட்சத்திரம் தன் உள்ளிருக்கும் எரிபொருளைத் தீர்த்துவிட்டால், தன் எடையைத் தானே தாங்கமாட்டாது இடிந்து விழுகின்றது. புறப்பகுதி வெடித்துச் சிதறும். நடுப்பகுதியோ நசுங்கி, அணுக்கள் தம் உருவிழந்து, எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அழுத்தப்பட்டு, பெரும்பாலும் நியூட்ரான்களே நெருங்கி நிற்கும் ஓர் உருண்டையாகின்றது. அவ்வுருண்டையில் சூரியனின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு அளவு அடங்கியிருக்கும். அகலமோ ஏறத்தாழ 24 கிலோமீட்டர்தான். குற்றாலத்து மலையடிவாரத்தில் அதன் ஒரு விளிம்பை வைத்தால், மறுவிளிம்பு சங்கரன்கோவிலுக்குப் பாதி வழியைச் சற்றே கடந்து நின்றுவிடும். அதில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்து நிறுக்கக் கூடுமாயின், முப்பது கோடி டன்னுக்கு மேல் இருக்கும்.

இவ்வெண்களைப் படித்து வியப்பதோடு நின்றுவிடுவோர் பலர். பௌதிக நூலார்க்கு வியப்பைவிடப் பெரிதான ஒரு தேவை இங்கே உண்டு. அணுவின் கருவை ஒத்த நெருக்கமும், அதனினும் மிக்க நெருக்கமும் உடைய பொருள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை உலகத்து ஆய்வுக்கூடம் எதிலும் வைத்துப் பார்க்க இயலாது. மென்மையான பொருளாயின் நட்சத்திரம் மேலும் நசுங்கிச் சிறுத்திருக்கும். விறைப்பான பொருளாயின் சற்றே பருத்திருக்கும். ஆகவே அவ்வுருண்டையின் ஆரம் 10 கிலோமீட்டரா, 13 கிலோமீட்டரா என்று அளந்து சொல்பவர், அணுக்கருவின் உள்ளியல்பையே சொல்பவராகின்றார். இத்தனை பெரிய வினா மூன்று கிலோமீட்டர் வேறுபாட்டில் தங்கியிருக்கிறது.

இவ்வாராய்ச்சியின் வேரொன்று சென்னையிலிருந்து முளைத்தது. 1930ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், சென்னை இராஜதானிக் கலாசாலையில் படித்துத் தேறிய பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். வழியில், ஒளி குன்றி ஒடுங்கிய வெள்ளைக் குறுமீன்களைப்பற்றி அவர் போட்ட கணக்கு ஒரு புதுமையைக் காட்டியது. அத்தகைய மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குமேற்பட்டது தன்னைத் தாங்கி நிற்கலாகாது என்பதே அது. அவ்வெல்லை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று பின்னர் நிலைபெற்றது. 1935ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டன் வான நூற் சங்கத்தில் எடிங்டன் என்னும் பேரறிஞர் இம்முடிவை எள்ளி மறுத்தார். அக்காலத்து எடிங்டனுடைய வாக்குக்கு எதிர் நிற்பார் அரியர். எனினும் நட்சத்திரங்கள் எடிங்டனுடைய பக்கம் நிற்கவில்லை.

எல்லையைத் தாண்டியது என்னாகும்? 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1934இல் வால்டர் பாடே, பிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் இருவர், வெடிக்கும் நட்சத்திரம் நியூட்ரான் நட்சத்திரமாக முடியலாம் என்று எழுதினர். முப்பது ஆண்டுகளுக்குமேல் அக்கருத்து காகிதத்திலேயே கிடந்தது. 1967இல் கேம்பிரிட்ஜ் மாணவியார் ஜோசலின் பெல், வானொலி அலையில் 1.337 வினாடிக்கொருமுறை தவறாது துடிக்கும் பொருளொன்றைக் கண்டபோதுதான், காகிதத்திலிருந்தது வானத்தில் இருப்பதாகத் தெரிந்தது. இன்று இவ்வகைத் துடிமீன்கள் ஆயிரக்கணக்கில் கணக்கிடப்பட்டுள்ளன.

ஆயிரக்கணக்கில் இருப்பின், கண்ணுக்குத் தெரியாத ஒன்றன்மேல் இத்துணைக் கருத்து ஏன்? சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில், கொட்டும் குழலும் முழங்க, ஒருவருடைய குரலை மட்டும் பிரித்துக் கேட்க முயன்றவர்க்கு இதன் விடை தெரியும். பல நியூட்ரான் நட்சத்திரங்கள் மற்றொரு நட்சத்திரத்தோடு இணைந்து சுற்றுகின்றன. அத்துணையிடமிருந்து ஆவி வழிந்து இதன்மேல் விழ, அவ்வீழ்ச்சியின் பேரொளியே நமக்கு வந்து சேர்கின்றது. நட்சத்திரத்தின் மேனியொளி அதில் மூழ்கிவிடுகின்றது. துணையின்றி நிற்கும் இளைய துடிமீன்களிலோ, காந்த மண்டலத்தில் ஓடும் மின்துகள்களின் ஒளி மிகுந்து நிற்கும். துணையுமின்றி, காந்த ஆரவாரமும் அடங்கி, பிறந்தபோது பெற்ற உஷ்ணத்தை மெல்ல இழந்துகொண்டு தனித்து நிற்பவை சில உண்டு. அவற்றிலிருந்து வருவது மேனியின் வெம்மையொளி ஒன்றே. அக்குரலில் வேறு குரல் கலப்பதில்லை.

திருவேங்கடத்துக் கொல்லுலையில் வண்டிப்பட்டை காய்ச்சுவதைப் பார்த்திருப்போர், இரும்பின் நிறத்தைக்கொண்டே அதன் சூட்டைக் கொல்லர் அறிவதையும் அறிவர். மங்கிய சிவப்பு ஒரு சூடு, ஆரஞ்சு ஒரு சூடு, வெண்மை ஒரு சூடு. சூடு தெரிந்துவிட்டால், ஒரு சதுர அடிப் பரப்பிலிருந்து எவ்வளவு ஒளி புறப்படும் என்பது கணக்கால் வரும். நமக்கு வந்து சேரும் ஒளி இவ்வளவு, பொருள் இருக்கும் தூரம் இவ்வளவு என்று தெரிந்தால், ஒளிவிடும் பரப்பு எவ்வளவு என்பதும் வரும். பரப்பிலிருந்து ஆரம் வரும். நிறம், ஒளி, தூரம் ஆகிய இம்மூன்றையும் கொண்டே நட்சத்திரத்துக்கு அளவுகோல் வைக்கின்றனர். இம்மூன்றில் எது பிசகினும் விடை பிசகும். இதனை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம், கதையின் திருப்பமெல்லாம் இதிலேயே உள்ளது.

ஏழு லட்சம் டிகிரி உஷ்ணமுள்ள பொருளின் நிறம் சிவப்புமன்று, நீலமுமன்று. அதன் ஒளியில் மிகுதியானது எக்ஸ் கதிராகவே வெளிப்படுகின்றது. வைத்தியசாலையில் எலும்பைப் படம்பிடிக்கும் கதிரின் இனமே இது. ஆயினும் அதனினும் மெலிந்தது. உடலை ஊடுருவும் கதிர் காற்றை ஊடுருவாதோ என்று சிலர் கேட்கலாம். நம் தலைமேலிருக்கும் காற்று முழுவதும் சேர்ந்தால் பத்து மீட்டர் ஆழமுள்ள நீருக்கு நிகரான எடையுள்ளது. வானத்து எக்ஸ் கதிர் இதனைக் கடந்து தரையை எட்டுவதேயில்லை. உயிர்களுக்கு இது பெரும் நன்மை. வான நூலார்க்கோ இது மூடிய கதவு. அதனால்தான் காற்றுக்கு மேலே தொலைநோக்கியை ஏற்ற வேண்டியதாயிற்று. 1962ஆம் ஆண்டு ஜூனில் ஓர் இராக்கெட்டு சில நிமிட நேரமே மேலே நின்று, விருச்சிக ராசியிலிருந்து வலிய எக்ஸ் கதிர் வருவதைக் கண்டது. அன்றுமுதல் இக்கலை வளர்ந்தது.

மேலே ஏற்றினால் மட்டும் போதாது. சாதாரணக் கண்ணாடியின்மேல் எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் திரும்பாது, உள்ளே புகுந்து அழியும். குளத்தில் ஓட்டுச்சில்லை நேராகப் போட்டால் மூழ்கும், நீரின் மேற்பரப்பை ஒட்டிச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திச் செல்லும் என்பதைச் சிறுவர் யாவரும் அறிவர். எக்ஸ் கதிரும் அவ்வாறே. கண்ணாடியின் பக்கத்தை உரசிச் செல்லுமாறு விட்டால் சற்றே திரும்பும். ஆகவே இத்தொலைநோக்கியின் கண்ணாடி தட்டுப்போல இராது, அடியில்லாத பீப்பாய்போல இருக்கும். ஒன்றின் உட்புறத்தை உரசும் கதிர் கொஞ்சமாதலின், உழக்கு நாழிக்குள்ளும் நாழி மரக்காலுக்குள்ளும் அடங்குவதுபோலப் பல பீப்பாய்களை ஒன்றினுள் ஒன்றாக அமைப்பர். 1999ஆம் ஆண்டு ஜூலை 23இல் அமெரிக்கர் ஏற்றிய பெரிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் இருடியம் பூசிய நான்கு இணைகள் உள்ளன. வெளியில் உள்ளது 1.2 மீட்டர் குறுக்களவுடையது. அவ்வாண்டு டிசம்பரில் ஐரோப்பியர் ஏற்றிய எக்ஸ்.எம்.எம். நியூட்டன் என்பதில் தொலைநோக்கிகள் மூன்று, ஒவ்வொன்றிலும் பொன் பூசிய மெல்லிய கூடுகள் 58. முன்னது கூர்மையிலும் பின்னது கதிரைத் திரட்டுவதிலும் சிறந்தவை.

அமெரிக்கர் ஏற்றிய அத்தொலைநோக்கிக்கு இட்ட பெயர் 'சந்திரா' என்பதாம். கப்பலில் கணக்குப் போட்ட அதே சந்திரசேகரை நண்பர்கள் அழைத்த பெயர் அது. 1983இல் நோபல் பரிசு பெற்று 1995இல் காலமான அவருடைய நினைவாக 1998இல் அப்பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. அவர் குறித்த எல்லைக்கு அப்பாலுள்ள பொருளை அவர் பெயர் தாங்கிய கருவியே நோக்குகின்றது.

இனி நம் நட்சத்திரத்தின் வரலாற்றைக் கூறுவோம். 1990ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் ஜெர்மானியர் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் துணைநிற்க ஏற்றிய ரோசாட் என்னும் தொலைநோக்கி வானமுழுவதையும் எக்ஸ் கதிரில் அளந்தது. தென்வானில், மூலத்துக்குக் கிழக்கே, மென்மையான எக்ஸ் கதிரை வாரி இறைக்கும் ஒரு புள்ளி தென்பட்டது. அவ்விடத்தில் கண்ணொளியில் ஒன்றுமே காணவில்லை. 1996இல் வால்டர், வோல்க், நாய்ஹாய்சர் என்னும் மூவர் இதனைத் தனித்த நியூட்ரான் நட்சத்திரம் என்று வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஹபிள் தொலைநோக்கியின் துணையால் அவ்விடத்தில் மிக மங்கிய நீலப்புள்ளியொன்றைக் கண்டனர். ரோசாட் ஆராய்ச்சியாளர் பலர் வாழ்ந்த தென் ஜெர்மனியில் வானத்தின் அப்பகுதி அடிவானத்துக்குமேல் நான்கு பாகைதான் எழும், மரங்களும் கூரைகளும் மறைத்துவிடும். திருவேங்கடத்தில் நிற்பவர்க்கோ நாற்பது பாகைக்கு மேலே உயர்ந்து நிற்கின்றது. கருவி அவர்களிடம், வானம் நம்மிடம்!

பின்னர் ரோசாட்டின் பதிவுகளிலேயே இவ்வினத்தில் மேலும் ஆறு அகப்பட்டன. எழுவரையும் சேர்த்து, 1960இல் வந்த ஓர் அமெரிக்கச் சினிமாப் படத்தின் பெயரால் 'மாண்பு மிக்க எழுவர்' என்று விளையாட்டாக வழங்குகின்றனர். தமிழர் கையில் பெயரிடும் உரிமை இருந்திருப்பின் கடையெழு வள்ளல்கள் நினைவுக்கு வந்திருப்பர். ஆனால் இவ்வெழுவரும் கொடுப்பதில் வள்ளல்களல்லர் என்பது விரைவில் தெரிந்தது.

முதற் சங்கடம் தூரத்தில் வந்தது. விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்த்தால் விரல் இடம் மாறித் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றும்போது அண்மையிலுள்ள நட்சத்திரமும் அங்ஙனமே ஆண்டுதோறும் இம்மியளவு அசையும். அவ்வசைவை ஹபிள் படங்களில் அளந்து, தூரம் ஏறத்தாழ 200 ஒளியாண்டு என்று 2001இல் கூறினர். மறு ஆண்டே படங்களை மீண்டும் அளந்தபோது அது ஏறக்குறைய இருமடங்கு என்று ஆயிற்று. தூரம் இருமடங்கானால் கணக்கில் வரும் ஆரமும் இருமடங்காகும். மங்கிய புள்ளியொன்றன் மயிரிழை அசைவை அளப்பதிலுள்ள இடர்ப்பாடு அத்தகையது. அளந்தவரே தம் அளவைத் திருத்தி வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

இரண்டாவது சங்கடமே பெரிது. சந்திராத் தொலைநோக்கி, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் ஐந்து லட்சம் வினாடிகளுக்கு மேல், அதாவது ஆறு நாள் அளவு, இந்நட்சத்திரத்தையே நோக்கி நின்றது. நுண்ணிய பொற்கம்பி வலையால் அதன் எக்ஸ் கதிரை நிறமாலையாகப் பிரித்தனர். இரும்பு, உயிர்வளி முதலிய பொருள்கள் மேற்பரப்பில் இருப்பின், நிறமாலையில் கறுத்த கோடுகள் காணப்படும். அக்கோடுகள் நட்சத்திரத்தின் ஈர்ப்பால் எவ்வளவு இடம்பெயர்ந்தன என்று பார்த்தால் எடைக்கும் ஆரத்துக்கும் உள்ள தொடர்பு உடனே கிடைக்கும் என்று பலரும் ஆவலோடு காத்திருந்தனர். வந்த நிறமாலையிலோ கோடு ஒன்றுகூட இல்லை. வழுவழுவென்று, பாடநூலில் அச்சிட்ட படம்போல இருந்தது. தனித்திருப்பவர் உண்மையைத் தடையின்றிச் சொல்வார் என்று சென்றவர்க்கு, அவர் வாயே திறக்கவில்லை.

அந்த வழுவழுப்பான நிறமாலையிலிருந்து முன்சொன்ன முறைப்படி கணக்கிட்டவர்க்கு ஆரம் ஐந்தாறு கிலோமீட்டர் அளவில் வந்தது. நியூட்ரான்களாலான பொருள் எதற்கும் இஃது ஏற்காது, மிகச் சிறியது. நியூட்ரான் ஒவ்வொன்றும் குவார்க்கு என்னும் மூன்று துகள்களாலானது. நியூட்ரான்களும் நசுங்கிக் குவார்க்குக் குழம்பாகிவிட்டதோ? 2002ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்கருத்து அமெரிக்காவிலிருந்து பெருமுழக்கத்தோடு வெளியிடப்பட்டது. உலகப் பத்திரிகைகளெல்லாம் புதுவகைப் பொருள் கண்டறியப்பட்டதாக எழுதின.

சில மாதங்களுக்குள் மறுப்பும் வந்தது. மறுத்தவர் கையிலிருந்த சான்று எளியது. அளந்த எக்ஸ் கதிரின் கணக்கை அப்படியே கண்ணொளிக்கு நீட்டினால், அந்நீலப்புள்ளி இருக்கவேண்டிய ஒளியைப்போல் ஆறேழு மடங்கு ஒளியோடு இருந்தது. மிகுதியான அவ்வொளி எங்கிருந்து வந்தது? கொல்லுலையில் பட்டையின் ஒரு பாகம் மட்டும் வெண்மையாகக் காய்ந்து, மற்றப் பாகம் மங்கிய சிவப்பாக இருக்குமாயின், வெண்மையை மட்டும் பார்ப்பவன் பட்டையின் முழு அளவை அறியான். நட்சத்திரத்தின் மேனியில் ஒரு திட்டுச் சூடு மிகுந்திருக்கின்றது. எக்ஸ் கதிர் பெரும்பாலும் அத்திட்டிலிருந்து வருகின்றது. எஞ்சிய மேனி சற்றே குளிர்ந்து, கண்ணொளியை மட்டும் தருகின்றது. அளந்த ஐந்தாறு கிலோமீட்டர் திட்டின் ஆரமேயன்றி, நட்சத்திரத்தின் ஆரமன்று.

அங்ஙனமாயின் நட்சத்திரம் சுழலும்போது திட்டு வந்து வந்து போகவேண்டும், ஒளி ஏறி இறங்க வேண்டும். அது தென்படவில்லையே என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. நேர்மையான கேள்விதான். ஐந்தாண்டு கழித்து, 2007இல், டியெங்கோ, மெரெகெட்டி என்னும் இத்தாலியர் இருவர், எக்ஸ்.எம்.எம். நியூட்டன் திரட்டிய கதிரில் 7.055 வினாடிக்கொருமுறை ஒளி ஏறி இறங்குவதைக் கண்டனர். ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே மிஞ்சியது, அவ்வளவே. இவ்வினத்தில் இத்துணை மெல்லிய துடிப்பு அரிது. நிறமாலையில் கோடில்லாமைக்கும் காரணம் கூறுவர். இந்நட்சத்திரங்களின் காந்த வன்மை பூமியினுடையதைப்போல் பத்து லட்சம் கோடி மடங்கு ஆதலின், மேற்பரப்பு ஆவியாக இராது திடப்பொருளாக உறைந்து, அதன்மேல் மெல்லிய ஹைட்ரஜன் படலம் போர்த்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. இதனை முடிந்த முடிபென்று கொள்ளலாகாது.

ஐந்தாண்டு உலகை மயக்கியது ஒரு சூட்டுத் திட்டு. ஆயின் அத்திட்டே பிற்காலத்தில் அளவுகோலாக மாறியமைதான் இவ்வரலாற்றில் எமக்கு மிக இனிய பகுதி. 2017ஆம் ஆண்டு ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நைசர் என்னும் கருவியைப் பொருத்தினர். படம் எடுப்பது அதன் தொழிலன்று. ஒவ்வோர் எக்ஸ் கதிர்த் துகளும் வந்து சேரும் நேரத்தை மிக நுட்பமாகக் குறிப்பதே அதன் தொழில். அதனைக் கொண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 205 முறை சுழலும், துணையற்ற வேறொரு நியூட்ரான் நட்சத்திரத்தை நோக்கினர். பி.எஸ்.ஆர். ஜே 0030+0451 என்பது அதன் எண்.

நியூட்ரான் நட்சத்திரத்தின் ஈர்ப்பு ஒளியையும் வளைக்கும். ஆதலின் உருண்டையின் பின்புறம் சென்றுவிட்ட திட்டும் விளிம்பைத் தாண்டி நம் பக்கம் எட்டிப் பார்க்கும். ஒரு பந்தின் பின்பக்கத்துப் பொட்டை முன்னின்று காண்பதுபோலாம் இது. எவ்வளவு தூரம் பின்னே சென்றபின் திட்டு மறைகின்றது, ஒளி எத்தனை விரைவில் குன்றிக் கூடுகின்றது என்பவற்றை அளந்தால், ஈர்ப்பின் வன்மை தெரியும். எடையும் ஆரமும் சேர்ந்தே வெளிப்படும். இதற்குத் தூரத்தை மயிரிழையில் அளக்கவேண்டிய இக்கட்டும் பெரும்பாலும் நீங்குகின்றது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் இரு குழுவினர் தனித்தனியே கணக்கிட்டு வெளியிட்டனர். ஒருவர்க்கு ஆரம் 12.7 கிலோமீட்டர், எடை சூரியனைப்போல் 1.34 மடங்கு. மற்றவர்க்கு 13.0 கிலோமீட்டர், 1.44 மடங்கு. பிழைக்கு விட்ட இடம் ஒரு கிலோமீட்டர் அளவே. வேறு வேறு வழியில் சென்றவர் ஒரே இடத்தில் சந்தித்தனர். திட்டுக்கள் எதிரெதிர்த் துருவங்களில் இருக்குமென்று பாடநூல்கள் சொல்லிவந்திருக்க, அவையெல்லாம் ஒரே பாதியில் இருந்தமை மற்றொரு வியப்பு.

நம் நாட்டின் பங்கு யாது என்று நம் மாணாக்கர் வினவுவர். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19இல் ஏற்றப்பட்ட ஆரியபட்டாவிலேயே எக்ஸ் கதிர் ஆராய்ச்சிக் கருவி இருந்தது. மின்சாரக் கோளாற்றால் சில நாட்களில் அவ்வாராய்ச்சி நின்றது. நாற்பது ஆண்டுகள் சென்று, 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28இல் ஆஸ்திரோசாட் என்னும் முழுத் தொலைநோக்கி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டில் ஏறியது. அவ்விராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை உந்தும் விகாஸ் எஞ்சின் வகை சோதிக்கப்படுமிடம் நம் மகேந்திரகிரி. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உறுமிப் பார்த்தபின்பே அவ்வினம் வடக்கே செல்லும்.

மூலத்தருகிலுள்ள நம் நட்சத்திரத்தைப்போல மங்கியனவற்றை ஆராய்வதில் சந்திராவோடும் எக்ஸ்.எம்.எம். நியூட்டனோடும் ஆஸ்திரோசாட் போட்டியிட்டது என்று யாம் சொல்லமாட்டோம். அது அதற்கென்று செய்யப்பட்டதன்று. தனித்து நிற்கும் மற்றொரு நியூட்ரான் நட்சத்திரத்திலேயே அது பெயர் பெற்றது. கி.பி. 1054இல் சீனர் பகலிலும் கண்டதாகக் குறித்த வெடிப்பின் எச்சம், இடப ராசியிலுள்ள நண்டு நெபுலா. அதன் நடுவே வினாடிக்கு ஏறத்தாழ முப்பது முறை சுழலும் இளைய துடிமீன் உள்ளது. ஒளியலை எத்திசையில் அதிர்கின்றது என்பதை அளந்தால், கதிர் பிறந்த இடத்துக் காந்த மண்டலத்தின் அமைப்பை ஊகிக்கலாம். மிக வலிய எக்ஸ் கதிரில் இவ்வளவைச் செய்வது கடினம். ஆஸ்திரோசாட்டிலுள்ள காட்மியம் துத்தநாகக் கருவியால் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைப் பன்முறை அளந்து 2017இல் வெளியிட்டனர். இரு துடிப்புகளுக்கு இடையே ஒளி அடங்கியிருக்கும் வேளையில் மாறுதல் ஒன்றும் இராது என்றே பலரும் கருதியிருந்தனர். அவ்வேளையிலேயே அதிர்வு மாறக் கண்டனர். துடிமீனைப்பற்றிய கோட்பாடுகள் பல இதனை எளிதில் விளக்கமாட்டாது விழிக்கின்றன. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், இவ்வளவைக்கென்றே எக்ஸ்போசாட் என்னும் மற்றொன்றையும் நம்மவர் ஏற்றினர். அதன் முதன்மைக் கருவியாகிய போலிக்ஸ் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆக்கப்பட்டது.

கரிசற்காட்டு முதியவரிடம் இவையனைத்தையும் சொல்ல நேரமிருந்ததில்லை. ஒன்றையாவது சொல்லியிருக்கலாம் என்று பின்னர் எண்ணினோம். அவர் நன்கறிந்த விருச்சிகத்தின் தலைப்பக்கம், கேட்டையைச் சூழ்ந்துள்ள நட்சத்திரக் கூட்டத்தில், ஏறத்தாழ நாலைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய நட்சத்திரமொன்று வெடித்தது. அவ்வெடிப்பில் உதைத்தெறியப்பட்டதே யாம் காட்டிய பொருள் என்று அதன் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்கின்றனர். வினாடிக்கு 190 கிலோமீட்டர் அளவு வேகத்தில் அது விருச்சிகத்தை விட்டுக் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கின்றது. அவ்வளவு ஓடியும், வானத்தில் முழுமதியின் அகலம் இடம்பெயர ஐயாயிரத்து நானூறு ஆண்டு செல்லும். ஆகையால் வருகிற ஆவணியில் திருவேங்கடம் பக்கம் செல்லும் அன்பர்கள், கொடுக்கிலிருந்து அதே ஒன்றரை முட்டியை அளந்துகொள்ளலாம்.